தாமதம் கொண்ட சமன்பாடுகள் ஏன் அலைகின்றன? – வாசகர் கேள்வி, பதில்

ஓர் அளவு இந்தக் கணத்தில் மாறும் வேகத்தை, அதே அளவு கடந்த காலத்தில் கொண்டிருந்த மதிப்புகளோடு இணைக்கும் சமன்பாடுகளைச் சார்பிய வகைக்கெழுச் சமன்பாடுகள் என்கிறோம். அவற்றின் தீர்வுகள் அலைவது பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டுள்ளோம். குறியீடுகளைக் குறைத்து எழுதியிருக்கிறேன்: பின்னூட்டத்தின், அதாவது முந்தைய மதிப்பு இப்போதைய வேகத்தைப் பாதிப்பதன், வலிமைக்கு ‘க’, தாமதத்தின் நீளத்துக்கு ‘த’, இயல் மடக்கையின் அடிமானமான 2.718… என்பதை ஆய்லர் எண் என்றே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: முதல் வரிசை நேரியல் சமன்பாட்டின் தீர்வு பூச்சியத்தைக் கடந்து மறுபுறம் போகாது என்று இளநிலை வகுப்பில் படித்தேன். அதே சமன்பாட்டில் தாமதத்தைச் சேர்த்தால் தீர்வு அலையும் என்று முதுநிலையில் சொல்கிறார்கள். சமன்பாட்டின் வரிசை மாறவில்லையே, அலைவு எங்கிருந்து வருகிறது?

பதில்: நீங்கள் படித்த இரண்டுமே சரிதான். ஓர் அளவு குறையும் வேகம் அந்தக் கணத்தில் அது கொண்டுள்ள மதிப்புக்கு நேர்விகிதத்தில் இருந்தால், அது பூச்சியத்தை நெருங்க நெருங்க வேகமும் தளர்ந்துகொண்டே வரும்; பூச்சியத்தில் வேகமும் பூச்சியம் என்பதால் தாண்டிச் செல்ல வழியில்லை. தாமதம் புகுந்ததும் இந்தத் தடை விலகிவிடுகிறது. அளவு பூச்சியத்தைத் தொடும் கணத்திலும் அதன் வேகத்தை நிர்ணயிப்பது சற்று முன்பிருந்த மதிப்பு. அது பூச்சியமாக இருக்கவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கையால் கணக்கிட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தாமதம் 1 அலகு என்றும், எந்தக் கணத்திலும் வேகம் என்பது ஓர் அலகு நேரத்துக்கு முன்பிருந்த மதிப்பின் எதிர்க்குறி என்றும், நேரம் 0 ஆகும்வரை மதிப்பு 1 ஆகவே இருந்தது என்றும் கொள்வோம். 0 முதல் 1 வரையிலான இடைவெளியில் வேகம் முழுவதும் −1 என்பதால் மதிப்பு நேர்கோட்டில் இறங்கி, நேரம் 1 ஆகும்போது பூச்சியத்தை அடைகிறது. ஆனால் அந்தக் கணத்தில் சமன்பாடு பார்ப்பது நேரம் 0-இல் இருந்த 1 என்ற மதிப்பை. ஆகவே வேகம் இன்னும் −1 தான், தீர்வு பூச்சியத்தைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்குகிறது. நேரம் 2-இல் அது −1/2 என்ற அடித்தளத்தைத் தொட்டுத் திரும்புகிறது, நேரம் 3-இல் −1/6 வரை ஏறுகிறது, ஏறத்தாழ 3.35-இல் மீண்டும் பூச்சியத்தைக் கடக்கிறது, 4.35-இல் சுமார் 0.24 என்ற உச்சியை எட்டி மறுபடி இறங்குகிறது. ஒவ்வொரு திருப்பமும், பூச்சியத்தைக் கடந்ததற்குச் சரியாக ஒரு தாமத நேரம் கழித்தே நிகழ்வதைக் கவனியுங்கள். தீர்வு தான் எல்லையைத் தாண்டிவிட்டதை அவ்வளவு காலம் கழித்துத்தான் ‘அறிகிறது’.

வரிசை மாறவில்லையே என்ற உங்கள் ஐயத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. தாமதமற்ற முதல் வரிசைச் சமன்பாட்டைத் தொடங்கிவைக்க ஒரே ஓர் எண் போதும். மேலே சொன்ன சமன்பாட்டைத் தொடங்க, ஓர் அலகு நீளமுள்ள வரலாறு முழுவதையும், அதாவது ஒரு சார்பையே, கொடுக்க வேண்டியிருந்தது. எழுத்தில் அது முதல் வரிசையாகத் தெரிந்தாலும் அதன் நிலையைக் குறிக்க முடிவிலாப் பரிமாணங்கள் தேவைப்படுகின்றன. அத்தகைய ஒன்று அலையாமல் இருந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

கேள்வி: வலிமையையும் தாமதத்தையும் பெருக்கி வரும் எண், ஆய்லர் எண்ணின் தலைகீழான 0.368-ஐத் தாண்டினால் எல்லாத் தீர்வுகளும் அலையும் என்கிறார்கள். இந்த விசித்திரமான எண் ஏன்?

பதில்: எண் விசித்திரமானது, அது வரும் வழி மிக எளியது. வேகம் என்பது, ‘த’ நேரத்துக்கு முந்தைய மதிப்பை ‘க’-வால் பெருக்கி எதிர்க்குறி இட்டதற்குச் சமம் என்று கொள்வோம். இந்தச் சமன்பாட்டுக்கு, அலையாமல் அடுக்குக்குறி வேகத்தில் தேயும் ஒரு தீர்வு உண்டா என்று கேட்போம். ஒரு தாமத நேரத்துக்குள் மதிப்பு ஆய்லர் எண்ணின் ‘ந’ அடுக்கு மடங்கு தேய்கிறது என்றால், முந்தைய மதிப்பு இப்போதைய மதிப்பைவிட அத்தனை மடங்கு பெரியதாக இருந்திருக்கும். இதைச் சமன்பாட்டில் இட்டால், ‘ந’-வை ஆய்லர் எண்ணின் ‘ந’ அடுக்கால் வகுத்து வரும் ஈவு, க × த என்ற பெருக்கலுக்குச் சமமாக வேண்டும் என்ற நிபந்தனை மட்டுமே மிஞ்சும். இப்போது ‘ந’-வை மாற்றிப் பாருங்கள்: அந்த ஈவு முதலில் ஏறி, ‘ந’ 1 ஆகும்போது உச்சியைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. அந்த உச்சிதான் ஆய்லர் எண்ணின் தலைகீழ். க × த அதைவிடப் பெரிதாக இருந்தால் எந்தத் தேய்வு வீதமும் பொருந்தாது. சரியாக அதற்குச் சமமாக இருந்தால், ஒவ்வொரு தாமத நேரத்திலும் 2.718 மடங்கு தேயும் தீர்வு ஒன்று மட்டும் மயிரிழையில் தப்பித்து நிற்கிறது.

பல பாடக்குறிப்புகள் இவ்விடத்திலேயே நிறுத்திவிடுகின்றன. அது போதாது என்பது என் கருத்து. அடுக்குக்குறி வடிவில் அலையாத் தீர்வு இல்லை என்பதால் வேறெந்த வடிவிலும் இல்லை என்றாகிவிடாது. மீதிப் பாதியை இவ்வாறு நிறுவலாம். ஏதோ ஒரு தீர்வு ஒரு கட்டத்துக்குப் பிறகு எப்போதும் மிகையாகவே இருக்கிறது என்று கொள்வோம். அது இறங்கிக்கொண்டே இருக்கும். முந்தைய மதிப்புக்கும் இப்போதைய மதிப்புக்கும் உள்ள விகிதத்தைக் கவனித்தால், ஒவ்வொரு தாமத நேரத்திலும் அந்த விகிதத்தின் கீழ்வரம்பு, க × த-வை ஆய்லர் எண்ணால் பெருக்கி வரும் எண்ணின் மடங்குக்குக் குறையாமல் உயர வேண்டும் என்று காட்ட முடியும். அந்த எண் 1-ஐ விடப் பெரியது என்பதால் விகிதம் கட்டுக்கடங்காமல் வளர்ந்தாக வேண்டும். மறுபக்கத்தில், தாமதத்தை இரு பாதிகளாகப் பிரித்துக் கணக்கிட்டால், அதே விகிதம் 4-ஐ க × த-வின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணைத் தாண்ட முடியாது என்பதும் தெரியவரும். இரண்டும் ஒருங்கே நடக்க இயலாது. ஆகவே அப்படியொரு தீர்வு இல்லை. மாறும் கெழுக்களுக்கும் இந்த உத்தியே சிறு மாற்றங்களுடன் பயன்படுகிறது என்பதால், மாணவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: நான் கட்டுப்பாட்டுப் பொறியியல் துறையில் பணியாற்றுகிறேன். எங்களைப் பொறுத்தவரை அலைவு என்றால் ஆபத்து. கணிதத்தில் அலைவும் நிலையின்மையும் ஒன்றுதானா?

பதில்: இல்லை, இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இத்துறையில் மிகப் பரவலான தவறு. ஒரு தீர்வின் பூச்சியங்களுக்கு முடிவே இல்லை என்றால், அதாவது எவ்வளவு தொலைவான காலத்தைக் குறித்தாலும் அதற்குப் பிறகும் அது பூச்சியமாகும் கணம் இருந்தால், அது அலையும் தீர்வு. வீச்சு வளர்கிறதா, தேய்கிறதா, நிலையாக இருக்கிறதா என்பதைப் பற்றி இந்த வரையறை வாயே திறப்பதில்லை. அலைவு காலமுறையில் நிகழ வேண்டும் என்றும் கேட்பதில்லை.

மேலே பார்த்த எளிய சமன்பாட்டில் க × த 0.368-ஐத் தாண்டாதவரை அலையாமல் தேயும் தீர்வுகள் உண்டு. 0.368-க்கும், பை என்ற எண்ணின் பாதியான 1.571-க்கும் இடையில் எல்லாத் தீர்வுகளும் அலைகின்றன, ஆனால் எல்லாமே தேய்ந்தும் போகின்றன. சரியாக 1.571-இல் வீச்சு மாறாத சைன் அலை தோன்றுகிறது. அதன் அலைவுக்காலம் தாமதத்தைப் போல் நான்கு மடங்கு. அதற்கும் மேலே போனால் வீச்சு பெருகத் தொடங்குகிறது. நீங்கள் அஞ்சும் ஆபத்து தொடங்குவது 1.571-இல், அலைவு தொடங்குவதோ அதன் கால் பங்குக்கும் குறைவான இடத்தில். முதல் பதிலில் கணக்கிட்ட எடுத்துக்காட்டில் க × த 1 என்பதால் அது இந்த நடுப்பகுதியைச் சேர்ந்தது: ஒவ்வோர் அரை அலைவிலும் வீச்சு பாதிக்கும் சற்றுக் கீழாகக் குறைகிறது.

உங்கள் துறையின் அச்சத்துக்கு நெடிய வரலாறு உண்டு என்பதை மறுக்கவில்லை. பின்னூட்டத்தில் நேரும் தாமதம் எவ்வாறு தானாகவே அலைவுகளைத் தூண்டிவிடுகிறது என்பதைப் பொறியாளர் மினோர்ஸ்கி 1942-லேயே விரிவாக ஆராய்ந்தார். கப்பல்களின் பக்கவாட்டு ஆட்டத்தைத் தணிக்கும் அமைப்புகளில் அவர் ஈடுபட்டிருந்தது இதற்குத் தூண்டுகோல்.

கேள்வி: உயிரினங்களின் எண்ணிக்கை ஏறி இறங்குவதை இந்தச் சமன்பாடுகள் விளக்குகின்றனவா?

பதில்: பகுதியளவில் விளக்குகின்றன. 1948-இல் சூழலியலாளர் ஹட்சின்சன், வளர்ச்சிக்குத் தடையாக அமைவது இன்றைய எண்ணிக்கை அல்ல, சில காலம் முன்பிருந்த எண்ணிக்கை என்று கொண்டு, பழைய வளர்ச்சிச் சமன்பாட்டில் தாமதத்தைப் புகுத்தினார். சூழல் தாங்கக்கூடிய எண்ணிக்கையைப் பூச்சியமாகப் பாவித்து, மேலும் கீழும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தால், வளர்வீதத்தையும் தாமதத்தையும் பெருக்கி வரும் எண் 0.368-ஐத் தாண்டும்போதுதான் எல்லா மிகைத் தீர்வுகளும் அந்த நடுமட்டத்தைச் சுற்றி அலைகின்றன. நேரியல் அல்லாத இச்சமன்பாட்டின் அலைவை, அதன் நேரியல் நிழலே துல்லியமாகத் தீர்மானித்துவிடுகிறது என்பது வியப்புக்குரியது.

தேய்வதைப் பற்றிய கேள்வி அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. 1955-இல் கணிதவியலாளர் ரைட், இதே சமன்பாட்டை வேறு உருவில் எடுத்துக்கொண்டு, பெருக்கல் எண் 1.5 வரை எல்லாத் தீர்வுகளும் நடுமட்டத்தில் அடங்கும் என்று நிறுவினார்; 1.571 வரையிலும் அவ்வாறே நிகழும் என்பது அவருடைய ஊகம். எஞ்சிய அந்தச் சிறிய இடைவெளி, கணினியின் துணையோடு 2018-இல்தான் முழுமையாக அடைக்கப்பட்டது. ரைட் இதற்கு வந்து சேர்ந்த வழியில் உயிரியல் எதுவும் இல்லை. பகா எண்களின் பரவல் குறித்த ஒரு தோராய வாதத்திலிருந்து அவருக்கு இச்சமன்பாடு கிடைத்தது!

சோதனைச் சான்று வேண்டுமென்றால் பூச்சியியலாளர் நிக்கல்சன் 1954-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். கூண்டில் வளர்க்கப்பட்ட, ஆடுகளைத் தாக்கும் ஒருவகை ஈக்களின் (blowfly) எண்ணிக்கை, உணவளவு மாறாமல் இருந்தபோதும், 35 முதல் 40 நாள்களுக்கு ஒருமுறை பெருகிச் சரிந்தது. முட்டையிலிருந்து முதிர்ந்த ஈ வரும்வரை கழியும் காலமே அங்கே தாமதம்.

கேள்வி: அப்படியானால் தாமதம் எங்கிருந்தாலும் அலைவு வருமா?

பதில்: வராது. பின்னூட்டம் எதிர்த்திசையில் இழுக்க வேண்டும். வேகம் முந்தைய மதிப்புக்கு நேர்விகிதத்தில், அதே குறியோடு இருந்தால், தாமதம் எவ்வளவு நீண்டதானாலும் மிகையாகவே இருந்து வளர்ந்துகொண்டு போகும் தீர்வு ஒன்று எப்போதும் உண்டு.

கேள்வி: வலிமையும் தாமதமும் காலத்தோடு மாறினால் 0.368 என்ற எல்லை என்னவாகும்?

பதில்: எண் நிற்கிறது, அதை எதனோடு ஒப்பிடுவது என்பது மாறுகிறது. இத்துறையில் ஆய்வுக் கட்டுரைகள் குவிந்துகிடப்பது இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

1950-இல் மிஷ்கிஸ் கொடுத்த நிபந்தனை, நெடுங்காலப் போக்கில் வலிமை எவ்வளவு கீழே இறங்குகிறது, தாமதம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று தனித்தனியே பார்த்து, அந்த இரு கீழெல்லைகளின் பெருக்கல் 0.368-ஐத் தாண்டினால் எல்லாத் தீர்வுகளும் அலையும் என்றது. இது சரியானது, ஆனால் கஞ்சத்தனமானது. வலிமை தாழும் வேளையில் தாமதம் உயர்ந்து ஈடுகட்டக்கூடும் என்பதை அது கணக்கில் எடுப்பதே இல்லை. ஆகவே பின்னால் வந்தவர்கள், சமன்பாடு திரும்பிப் பார்க்கும் கணத்திலிருந்து இந்தக் கணம் வரை வலிமையைத் தொகையிட்டு, அந்தத் தொகையையே அளவுகோலாக்கினர். வலிமை மாறாதபோது இத்தொகை க × த ஆகவே சுருங்கிவிடும் என்பதால், பழைய எல்லையின் இயல்பான விரிவு இதுவே.

1972-இல் லாடாஸ், லக்ஷ்மிகாந்தம், பபடாகிஸ் ஆகிய மூவரும், அந்தத் தொகையின் மேலெல்லை 1-ஐத் தாண்டினால் போதும் என்று காட்டினர். எவ்வளவு தொலைவான காலத்திலும் தொகை அவ்வப்போது 1-க்கு மேல் போய்வந்தாலே அலைவு உறுதி என்பது இதன் பொருள். திரும்பிப் பார்க்கும் கணம் காலத்தோடு பின்வாங்காமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இதில் அடங்கியிருக்கிறது, அதை மறந்துவிடக் கூடாது. 1982-இல் கோப்லடாட்ஸே, சாந்துரியா இருவரும், தொகையின் கீழெல்லை 0.368-ஐத் தாண்டினாலும் போதும் என்றும், ஒரு கட்டத்துக்குப் பிறகு தொகை எப்போதும் 0.368-க்கு உட்பட்டே இருந்தால் அலையாத தீர்வு ஒன்று கட்டாயம் உண்டு என்றும் நிறுவினர்.

இவற்றுக்கு இடையில் ஒரு நிலப்பரப்பு எஞ்சுகிறது. தொகை சில வேளைகளில் 0.368-க்குக் கீழே தாழ்கிறது, சில வேளைகளில் அதற்கு மேலே போகிறது, ஆனால் 1-ஐ எட்டுவதில்லை என்றால், மேற்சொன்ன எதுவும் தீர்ப்புச் சொல்லாது. அதைச் சிறிது சிறிதாகக் குறுக்கும் நிபந்தனைகள் இன்றுவரை வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பல, நீண்ட சூத்திரங்களால் மிகச் சிறிய முன்னேற்றத்தையே பெறுகின்றன என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஆய்வுக்கு வருபவர், ஒரு நிபந்தனையின் நான்காம் தசம இலக்கத்தைத் திருத்துவதைவிட, அந்த நிபந்தனை எங்கே, ஏன் தோற்கிறது என்று காட்டும் ஒரு சமன்பாட்டைக் கட்டமைப்பதையே நான் பெரிதாக மதிப்பேன்.

கேள்வி: இரண்டாம் வரிசைச் சமன்பாட்டில் ஒரு தீர்வு அலைந்தால் எல்லாமே அலையும் என்ற ஸ்டர்ம் தேற்றம், தாமதம் இருக்கும்போதும் செல்லுமா?

பதில்: செல்லாது. 1836-இல் ஸ்டர்ம் தொடங்கிவைத்த கோட்பாட்டின் அழகே, இரண்டாம் வரிசை நேரியல் சமன்பாடுகளை அலைபவை, அலையாதவை என்று இரு கூறாகப் பிரிக்க முடிவதுதான். கெழுவைக் காலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதை 1/4 என்ற எண்ணோடு ஒப்பிட்டு முடிவுசெய்யும் க்னேசரின் 1893-ஆம் ஆண்டு அளவுகோலும் அந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கிறது. அலைவுக் கேள்வியைச் சார்பியச் சமன்பாடுகளுக்குக் கொண்டுவந்த முதல் கட்டுரைகளுள் ஒன்று, 1921-இல் ஃபைட் எழுதியது. அங்கே அந்தப் பிரிவினை உடைந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டே போதும். இரண்டாம் வகைக்கெழு, பை அலகு நேரத்துக்கு முந்தைய மதிப்புக்குச் சமம் என்று கொள்ளுங்கள். சைன் சார்பை இருமுறை வகையிட்டால் அதன் எதிர்க்குறி கிடைக்கும். பை அலகு பின்னுக்குத் தள்ளினாலும் அதன் எதிர்க்குறியே கிடைக்கும். ஆகவே சைன் அலை இதற்கு ஒரு தீர்வு. இதே சமன்பாட்டுக்கு, ஏறத்தாழ 0.47 என்ற வீதத்தில் அடுக்குக்குறியாக வளரும் தீர்வும் உண்டு. அது ஒருமுறைகூடப் பூச்சியம் ஆவதில்லை. தாமதத்தை நீக்கிவிட்டாலோ எந்தத் தீர்வும் அலையாது. எனவேதான் இத்துறையினர், ‘சமன்பாடு அலைகிறது’ என்று பொதுவாகச் சொல்லாமல், எல்லாத் தீர்வுகளும் அலைகின்றனவா, அலையாத ஒன்றாவது உண்டா என்று பிரித்துக் கேட்கிறார்கள்.

கேள்வி: இவ்வளவு தேற்றங்கள் எதற்கு? கணினியில் தீர்வை வரைந்து பார்த்தால் அலைகிறதா இல்லையா என்று தெரிந்துவிடாதா?

பதில்: எல்லையிலிருந்து நன்றாக விலகியிருந்தால் தெரிந்துவிடும். எல்லைக்கு அருகில் கணினி உங்களைக் கைவிட்டுவிடும், அதுவும் ஓசையின்றி.

க × த என்ற பெருக்கல் எல்லையைவிட 1 விழுக்காடு மட்டும் அதிகம், அதாவது ஏறத்தாழ 0.3716, என்று வைத்துக்கொள்வோம். தேற்றத்தின்படி எல்லாத் தீர்வுகளும் அலைந்தே தீர வேண்டும். ‘ந’-வுக்கு மேலே கண்ட நிபந்தனையின் கலப்பெண் மூலங்களைக் கணக்கிட்டால், இறுதியில் அடுத்தடுத்த இரு பூச்சியங்களுக்கு இடையே ஏறத்தாழ 22 தாமத நேரங்கள் கழியும் என்று தெரிகிறது. இந்த இடைவெளிக்குள் வீச்சு ஒவ்வொரு தாமத நேரத்திலும் 2.7 மடங்கு வீதம் தேய்வதால், ஒரு பூச்சியத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அது பல நூறு கோடியில் ஒரு பங்காகிவிடும். திரையில் தெரிவது, அமைதியாகப் பூச்சியத்தில் படியும் ஒரு வளைவரை மட்டுமே. மூன்று பூச்சியங்களைக் கடப்பதற்குள் மதிப்பு, வழக்கமான 16 இலக்கத் துல்லியத்தில் தொடக்க மதிப்போடு ஒப்பிட முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். கணக்கிடும் முறையின் பிழையை, அந்தந்தக் கணத்தின் மதிப்போடு ஒப்பிட்ட விகிதமாகக் கட்டுக்குள் வைக்கத் தவறினால், திரையில் குறி மாறுவது தீர்வாலா, பிழையாலா என்று பிரித்தறியவே முடியாது.

வரைய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரைவதாக இருந்தால், தீர்வை நேரடியாக வரையாமல், முந்தைய மதிப்புக்கும் இப்போதைய மதிப்புக்கும் உள்ள விகிதத்தை வரையுங்கள். அலையாத தீர்வு உள்ள பகுதியில் அந்த விகிதம் ஒரு நிலையான எண்ணில் படியும். எல்லையை மயிரிழையே தாண்டியிருந்தாலும், 2.7-க்கு அருகே நெடுநேரம் தயங்கிவிட்டுப் பிறகு செங்குத்தாக மேலேறிச் செல்லும்.